தக்காளிச் செடி இருந்த இடம்

ஆரணி கொசப்பாளையத்தில் பரசுராமன் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண், நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். குளியலறைச் சுவருக்கும் பின்மதிலுக்கும் நடுவே அகப்பட்ட இடம். அதில் தக்காளி, சிறுகீரைப் பாத்தி, மதில்மேல் ஏறிய பசலைக்கொடி, மூலையில் ஒரு முருங்கை என்று கால் வைக்க இடமில்லாமல் வளர்த்திருந்தார். தறியில் உட்காருமுன் ஒரு நடை, எழுந்ததும் ஒரு நடை அங்கே போய்வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தக்காளி பழுத்தால் செடியருகிலேயே நின்று, வேட்டியில் துடைத்துவிட்டுக் கடிப்பார். சாறு முழங்கை வரைக்கும் ஓடும். அவர் மனைவி ஸ்வர்ணலதாவுக்குச் செடிகொடியில் நாட்டமில்லை. அவர் பறித்து வந்து போடுவதைச் சமைப்பாள், அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்குக் கால் வீங்கியது. தறி மிதித்து மிதித்து வந்த வீக்கம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முகமும் வீங்கிய பிறகுதான் வேலூருக்குப் போனார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் என்றார்கள். அதற்கு ஊசி குத்துவதற்காக இடது கையில் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, தறியில் உட்காரக்கூடாது. ஸ்வர்ணலதா அதுவரை பொழுதுபோகாத நேரத்தில் செய்துவந்த பட்டு நூல் சுற்றும் வேலையை முழுநாள் வேலையாக்கிக்கொண்டாள். சென்னையில் வேலை பார்க்கும் மகள் தேவிப்ரியா தன்னால் ஆனதை அனுப்பினாள்.

எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்வதற்கு ஆஸ்பத்திரியில் தனியாக ஒரு பெண் இருந்தாள். சின்ன வயசு. பொறுமையாகக் கேட்டாள்.

"காயெல்லாம் கடையில வாங்குறீங்களா?"

"கடை எதுக்கும்மா? வூட்டுப் பின்னாலயே எல்லாம் கீது," என்றார் பரசுராமன். அன்றைக்கு முழுவதும் அவர் நிமிர்ந்து பேசியது அந்த ஒரு வார்த்தைதான். "தக்காளி கீது."

"தக்காளி கூடாதுங்க."

"கீரை?"

"கூடாதுங்க. பசலை வேண்டவே வேண்டாம்."

"முருங்கைக்கீரை ரத்தத்துக்கு நல்லதாச்சே."

"மத்தவங்களுக்கு நல்லதுதாங்க. இதுலெல்லாம் பொட்டாசியம் ஜாஸ்தி. கிட்னி நல்லா இருந்தா வெளியே தள்ளிடும். உங்களுக்கு உள்ளயே தங்கிடும். தங்கினா நேரா இதயத்தைத்தான் பிடிக்கும்." பிறகு ஸ்வர்ணலதாவின் பக்கம் திரும்பினாள். "சுரைக்கா, புடலங்கா, பீர்க்கங்கா, கோவைக்கா, வெள்ளரிக்கா. இதுங்களைப் பண்ணுங்கம்மா. தோல் சீவி, பொடியா நறுக்கி, நிறையத் தண்ணியில ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேக வைங்க. வெந்த தண்ணியையும் வடிச்சிடுங்க."

"அப்புறம் அதுல இன்னாம்மா ருசி இருக்கும்?" என்று கேட்டார் பரசுராமன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டியபின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அப்போ என் கையால வெச்சது ஒண்ணுகூட எனக்கு ஆவாது," என்றார்.

அவள் அப்போதே அந்தச் செடிகளை எடுத்திருக்கலாம். மனசு வரவில்லை. பறிப்பதைப் பக்கத்து வீட்டுப் பரிமளாவுக்குக் கொடுத்துவிடலாம், செடி பாட்டுக்குச் செடி இருக்கட்டும் என்று விட்டாள். தறி இல்லாத மனுஷனுக்கு அங்கே போய் நிற்கவாவது ஓர் இடம் வேண்டுமே. அவரும் நின்றார். செடிக்கு வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருப்பார். அவருக்குக் குடிக்க ஒரு நாளைக்கு ஒரு சொம்புக்கு மேல் தண்ணீர் கிடையாது.

கொஞ்ச நாளில் அவர் விரல்களில் ஒரு வாசனை வரத் தொடங்கியது. மாத்திரையை உள்ளங்கையில் வைக்கும்போது அவளுக்கு அடித்தது. தக்காளி இலையைத் தொட்டால் வருமே, அந்தப் பச்சை நெடி.

"செடியாண்ட இன்னா பண்ணீங்க?"

"களை புடுங்கினேன்."

"துன்னீங்களா?"

"இன்னாத்துக்கு சும்மா பேஜார் பண்ணிகினு," என்று மாத்திரையை விழுங்கினார். அவள் நம்பினாள். நம்பாமல் இருந்தால் அதற்குமேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வைகாசி மாதத்தில் ஒரு நாள் காலை அவரால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. காலை ஊன்றினால் பஞ்சு மாதிரி மடங்கியது. "லதா, காலு எங்க கீதுன்னே தெரியல," என்றார். குரலே மாறியிருந்தது. பரிமளாவும் அவளுமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆரணி ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே ஆம்புலன்சில் வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே நெஞ்சில் ஒயர் ஒட்டி எடுத்த காகிதத்தைப் பார்த்ததும் டாக்டரின் நடை ஓட்டமானது. ஊசிமேல் ஊசி போட்டார்கள். உடனே மிஷினில் படுக்க வைத்தார்கள்.

ஆபத்து தாண்டியபின் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். கட்டிலின் கால்மாட்டில் நிற்க வைத்தே கேட்டார்.

"யாரும்மா சமைக்கிறது?"

"நான்தாங்க."

"அவ்வளவு சொல்லி அனுப்பினாங்களே. இன்னா குடுத்த? மனுஷன் போயிருப்பாரு. படிக்காதவங்களுக்குக்கூடப் புரியிற மாதிரிதானே சொல்றாங்க. உன் அஜாக்கிரதையாலதான் இது."

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் பரசுராமனைப் பார்த்தாள். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் கண்ணைச் சந்தித்தார். பிறகு கூரையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்.

டாக்டர் போனபின் அவளாகவே குனிந்து கேட்டாள். "தக்காளிதானே?"

அவர் தலையை அசைத்தார். "கீரையும் கொஞ்சம். பச்சையாவே," என்றார்.

மறுநாள் தேவிப்ரியா சென்னையிலிருந்து வந்து அப்பாவுடன் இருந்தாள். மாற்றுத் துணி எடுத்துவருகிறேன் என்று ஸ்வர்ணலதா ஆரணிக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அவள் காதில் டாக்டர் பேச்சு இல்லை, அந்த மின்விசிறிச் சத்தம்தான் இருந்தது. வீட்டைத் திறந்தாள். துணியைத் தேடவில்லை. நேராகப் பின்னால் போய், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதல் தக்காளிச் செடியின் அடியைப் பிடித்து இழுத்தாள். வேரோடு வந்தது. காயும் பழமும் பூவுமாக ஒவ்வொன்றாகப் பிடுங்கி மதிலோரம் எறிந்தாள். கீரைப் பாத்தியைக் காலாலேயே மிதித்து உழப்பினாள். பசலைக்கொடியைச் சுவரிலிருந்து உரித்தாள். கையெல்லாம் அந்தப் பச்சை நெடி.

முருங்கை அவளால் ஆகாது. தெருமுனையில் விறகு பிளக்கும் சின்னப்பையனைக் கூப்பிட்டு வந்தாள். பேர்தான் சின்னப்பையன், பேரன் எடுத்தவர். மரத்தை அண்ணாந்து பார்த்தார். கிளை தெரியாமல் பூத்திருந்தது.

"பூவும் பிஞ்சுமா கீதேம்மா. அண்ணனே வெட்டச் சொன்னாரா?"

"அவருதான் சொன்னாரு," என்றாள் ஸ்வர்ணலதா.

முழங்கால் உயரத்துக்கு அடிமரம் மட்டும் நின்றது.

பரசுராமன் வீட்டுக்கு வந்த அன்று சுவரைப் பிடித்துக்கொண்டே பின்வாசல் வரைக்கும் போனார். வெறும் மண் வெயிலில் கிடந்தது. அவர் கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"என்னைக் கேட்டிருக்கலாம்," என்றார்.

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே திரும்பினார். அன்றிலிருந்து மாத்திரைக்குக் கை நீட்டுவார், தட்டை வைத்தால் சாப்பிடுவார், பஸ் வந்தால் ஏறுவார். பேச்சு மட்டும் இல்லை. மகள் போனில் கேட்டால் இரண்டு பேரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

சுரைக்காயும் புடலங்காயும் கடையில் வாங்கித்தான் சமைத்தாள். ஆனால் வேலூருக்குப் போய்வந்து, நூலும் சுற்றிவிட்டு அவள் மார்க்கெட்டுக்குப் போவதற்குள் வாடியதும் முற்றியதுமாகத்தான் மிஞ்சியிருக்கும். அந்த வெறும் மண் வேறு பின்வாசல் திறக்கும்போதெல்லாம் அவளை முறைத்தது. பிடுங்கத் தெரிந்தவளுக்கு ஒன்றை வைக்கவும் தெரிந்திருக்க வேண்டாமா என்று அதுவே கேட்பதுபோல் இருந்தது. ஆடி பிறந்ததும் விதைக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் குமரேசன், "இன்னாம்மா வோணும்?" என்றார்.

"சுரை, புடலை, பீர்க்கு, வெள்ளரி. எல்லாத்துலயும் ஒண்ணு."

"எவ்ளோ இடம் கீது?"

கையை விரித்துக் காட்டினாள். குமரேசன் சிரித்துவிட்டார். "அவ்ளோ இடத்துல நாலு கொடி போட்டா ஒண்ணை ஒண்ணு மிதிச்சி சாவும். சுரையை வுட்டுடு, அது ஒண்ணே உன் வூட்டு மேல ஏறி ரோட்டுக்கு வந்துடும். வெள்ளரி தரையில படரும், அதுக்கும் இடமில்ல. பீர்க்கும் புடலையும் மேல பந்தல்ல போவும், கீழ இடம் மிச்சம். ஒரு பந்தல்ல ரெண்டையும் ஏத்திக்க. வெயில் வருதா?"

"இப்ப வருது," என்றாள். முருங்கை போனபின் நாள் முழுக்க வெயில்தான். மதிலோரத்துக்குக் கோவைக்கொடியின் தண்டு ஒன்று போதும் என்றும் அவர் சொன்னார். அது பரிமளா வீட்டு வேலியிலேயே இருந்தது.

குழி தோண்டி, ஒரு கூடை மக்கின சாணியைக் கொட்டி, வாங்கிவந்த பீர்க்கு விதை அத்தனையையும் ஒரே குழியில் போட்டு மூடினாள். புடலை விதையை இன்னொரு குழியில் விரல் நீளத்துக்கு அமுக்கினாள். பின்வாசல்படியில் பரசுராமன் உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார். தப்பு என்றால் சொல்லட்டுமே என்று அவள் மனசு வீம்பு பிடித்தது. கேட்டால் சொல்வோம் என்று அவருக்கும் வீம்பு போலிருக்கிறது.

பீர்க்கு மொத்தமும் முளைத்தது. ஒரு கைப்பிடிக்குள் அடங்காத கூட்டமாக, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, வெளிறிய தண்டாக நின்றன. புடலை முளைக்கவேயில்லை. தோண்டிப் பார்த்தால் விதை அழுகி எறும்பு மொய்த்திருந்தது. அன்றைக்கு அவள் பரிமளா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பரிமளா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "லதாக்கா, முகத்தைப் பாரு. ரெண்டு துன்னுட்டுப் போ," என்று தட்டில் போட்டு, பக்கத்தில் தக்காளித் தொக்கை வைத்தாள். இத்தனை மாதமும் ஸ்வர்ணலதா அவருக்குப் பண்ணியதையேதான் தானும் தின்றுவந்தாள். தனியாகப் பண்ணிக்கொள்ளக் கை வரவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கடுகு தாளித்த வாசனை ஆளை அடித்தது. நின்றுகொண்டே தின்றாள். தோசை தீர்ந்தபின் தொக்கை மட்டும் வழித்துத் தின்றாள். உறைப்பிலா வேறு எதிலா என்று தெரியாமல் கண்ணில் நீர் வந்தது. வாயைக் கொப்பளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மாத்திரையை நீட்டியபோது பரசுராமன் அவள் கையை முகத்தருகே ஒரு கணம் வைத்திருந்தார்.

"பரிமளா வூட்ல தொக்கா?" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு.

"கொஞ்சம்தாங்க. அவதான் கேக்காம போட்டுட்டா."

"கொஞ்சம்னு ஒண்ணு இல்ல லதா. எனக்குத் தெரியாதா?" கோபமாகச் சொல்லவில்லை. "நீ துன்னு. உனக்கு இன்னா வியாதியா? நீ எதுக்கு எங்கூட சேர்ந்து இதையே துன்னுகினு கீற?"

"டாக்டர் என்னைத் திட்டும்போது நீங்க ஃபேனைப் பார்த்துகினு இருந்தீங்க," என்றாள். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. தொக்கைப் பற்றிப் பேசும்போது அதுதான் வாயில் வந்தது.

அவர் மாத்திரையை விழுங்க ஒரு மடக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மீதியை அளவு பார்த்துக் கீழே வைத்தார். "ஆமா," என்றார். "அத்தினி பேரு எதிர்ல தக்காளி திருடித் துன்னேன்னு சொல்ல வெக்கமா இருந்துது. நீ திட்டு வாங்கினா பரவால்லன்னு வுட்டுட்டேன்."

அவள் அழுதாள். அழுது முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "பீர்க்கு கும்பலா நிக்குதே, அதுல தடியா ரெண்டை வுட்டுட்டு மத்ததைக் கிள்ளிடு," என்றார். "புடுங்காத. புடுங்கினா நிக்கிறதோட வேரும் ஆடும். புடலைக்கு வெதையைத் துணியில கட்டி ஈரத்துல வெச்சி, மொளை மூக்கு வுட்டப்புறம் போடு. மேலாக்கப் போட்டாப் போதும்."

அதற்குப் பிறகு பேச்சு வந்தது. பழையபடி இல்லை. தோட்டத்தைப் பற்றி மட்டும், அதுவும் இரண்டொரு வார்த்தை. அவர் படியில் உட்கார்ந்து சொல்வார், அவள் செய்வாள். சில நாள் டயாலிசிஸ் முடிந்து வந்து சுருண்டு படுத்துவிட்டால் அதுவும் இருக்காது. அப்போது அவளாக எதையாவது செய்வாள். பாதி தப்பாகும்.

பந்தலுக்குக் கழி கொண்டுவந்தவர் சின்னப்பையன்தான். ஸ்வர்ணலதா அடுப்படியில் இருந்தாள். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

"அண்ணே, முருங்கை துளுத்துகினு கீது பாரு. பக்கமெல்லாம் கொத்துக் கொத்தா வருது. நீங்கதான் வெட்டச் சொன்னீங்கன்னு அக்கா சொன்னப்பவே எனக்கு மனசு ஆவல. இதையாவது வுட்டுவையேன்."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. பரசுராமன் ஜன்னல் பக்கம் திரும்பினாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை, அவள் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றது அவர் குரல். "துளிரை ஒடிச்சிப் போடு. பந்தலுக்கு வெயில் வோணும். பார்த்துகினே இருந்தா என் கையும் சும்மா இருக்காது."

துளிர் ஒடிபடும் சத்தம் சின்னதாகக் கேட்டது. சின்னப்பையன் போனபின் அவள் பின்வாசலுக்குப் போய் அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

பீர்க்கு பந்தலேறி மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. சாயங்காலம் விரிந்து மறுநாள் எல்லாம் கொட்டியது. அவள் பதறினாள். "அதெல்லாம் ஆண் பூ. மொதல்ல அதுதான் வரும், பொறு," என்றார். அடியில் விரல் தடிமனுக்குப் பிஞ்சோடு பூ வந்தபோது அவளே பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள். முதல் பிஞ்சுகளில் ஈ குத்திப் புழு வைத்தது. அழுகியதைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்தார்கள். மிஞ்சியதில் காகிதத்தைச் சுற்றிக் கட்டினார்கள். புடலை தாமதமாக வந்தாலும் நன்றாகத் தொங்கியது. கோவை மதிலைப் பிடித்துக்கொண்டது.

முதல் பீர்க்கங்காயை அவள் தோல் சீவி, நறுக்கி, ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் மிளகு போட்டுப் பண்ணினாள். அவர் ஒரு வாய் வைத்து மென்றார்.

"எப்படி இருக்கு?"

"சப்புன்னு கீது," என்றார். தட்டைக் காலி பண்ணினார். "கடையில வாங்கினதுக்கு இது தேவல. நார் இல்ல."

அந்த மாதப் பரிசோதனையில் பொட்டாசியம் சொன்ன அளவுக்குள் இருந்தது. அந்தச் சின்ன வயசுப் பெண் ஸ்வர்ணலதாவைப் பார்த்து, "நல்லாப் பார்த்துக்கிறீங்கம்மா," என்றாள். வார்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் டாக்டர் வேறொன்று சொன்னார். இதயம் முன்னைவிடத் தளர்ந்திருக்கிறது, மூச்சு வாங்குவது அதனால்தான், இனி வாரத்துக்கு மூன்று தடவை வர வேண்டும். இது சாப்பாட்டால் வந்ததா என்று அவள் கேட்டாள். இல்லையம்மா, வியாதி போகிற வழி அது என்றார். வைகாசியில் நடந்தது காரணமா என்று கேட்க நினைத்தாள். பரசுராமன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கேட்கவில்லை.

மூன்று நாள் வேலூருக்குப் போவதென்றால் நூல் சுற்றுவது பாதியாகிவிடும். தோட்டத்துக்கும் ஆள் இருக்காது. பரிமளாதான் தண்ணீர் விடுகிறேன் என்றாள். மறுவாரம் விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஸ்வர்ணலதா சாவியை அவளிடம் கொடுத்தாள். பரசுராமனுக்கு இரண்டு அடி வைப்பதற்குள் இளைத்தது. கதவுநிலையைப் பிடித்து நின்று மூச்சு சேர்த்துக்கொண்டார்.

"பரிமளா, பீர்க்கங்காயை முத்த வுட்டுடாதம்மா," என்றார். "காகிதம் சுத்தியிருந்தாலும் பிரிச்சிப் பாரு. முத்திட்டா கொடி காய்க்கிறதை நிறுத்திடும். பெரிசா கீதுன்னு ஆசைப்படாத. பிஞ்சிலயே அறுத்துடு. உங்க வூட்டுக்கும் எடுத்துக்க."

"நான் பார்த்துக்கிறேண்ணா. நீ பத்திரமா போய்ட்டு வா."

"புடலைக்கு அடியில மட்டும் ஊத்து, இலை மேல ஊத்தாத."

"ஜல்தி வாங்க, பஸ் போயிடும்," என்றாள் ஸ்வர்ணலதா. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றாள். பிறகு பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, அவருடைய வலது கையைத் தன் கையோடு கோர்த்து, அவர் நடக்கிற நடைக்கே தெருவில் நடந்தாள்.